வட்டமிட்ட விமானமும் தத்தளித்த செய்தியும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தண்டலம் தொடங்கி ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள்: ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஆயில் கசிந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? சிவப்புப் பொத்தானை அழுத்துவோம், மெஷின் நிற்கும், பிறகு மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிடுவோம் என்பார். தரையில் இருக்கும் இயந்திரத்துக்கு நிறுத்துவதுதான் பாதுகாப்பு. ஆகாயத்தில் அந்தப் பொத்தான் கிடையாது. பறந்துகொண்டேதான் பழுதைச் சமாளிக்க வேண்டும். இந்த வேற்றுமையை மறந்துவிட்டு எழுதப்பட்ட செய்திகளைப் பற்றி வாசகர்களுடன் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

2024 அக்டோபர் 11ஆம் தேதி மாலை பலருக்கு நினைவிருக்கும். சுமார் 5.40 மணிக்குத் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. அதில் 140 பேருக்கு மேல் இருந்தார்கள். விமானம் இரண்டரை மணி நேரம் வட்டமிட்டுவிட்டு, இரவு 8.15 மணியளவில் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. அந்த இரண்டரை மணி நேரமும் தமிழ்நாடே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தது. தத்தளிப்பு, திகில், மறுபிறவி என்ற வகையிலேயே பேச்சு ஓடியது. சக்கரம் இறங்காது, வயிறு தரையில் உரசத்தான் இறக்கப் போகிறார்கள் என்றுகூட ஊகங்கள் கிளம்பின. கடைசியில் சக்கரங்கள் ஒழுங்காக விரிந்தன. விமானமும் வழக்கம்போலவே இறங்கியது.

திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்தில் வளைகுடா நாட்டில் ஓர் ஆளாவது இல்லாத தெரு குறைவு. அந்த வீடுகளில் அன்று எத்தனை பேர் விளக்கேற்றக்கூட மறந்து உட்கார்ந்திருப்பார்கள்! அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு விளக்கம்: விமானம் ஏன் சுற்றுகிறது? அந்த விளக்கத்தைச் சொன்னவர்கள் மிகச் சிலரே.

அந்த விமானம் போயிங் 737-800 வகையைச் சேர்ந்தது. பள்ளியில் படித்த பாஸ்கல் விதியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் அடைபட்ட எண்ணெயின் அழுத்தம்தான் இதில் சக்கரத்தை மடக்குகிறது, பிரேக்கைப் பிடிக்கிறது, இறக்கை மடல்களை அசைக்கிறது. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3,000 பவுண்டு. கார் டயரில் இருப்பதைப் போல் சுமார் நூறு மடங்கு. இதற்காக ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு முக்கிய அமைப்புகளும், துணையாக மூன்றாவது ஒன்றும் இருக்கின்றன. சக்கரத்தைப் பொறுத்தவரை எண்ணெய் முழுவதும் போய்விட்டாலும் கவலையில்லை. விமானிகள் அறையின் தரையில் ஒரு சிறு மூடியைத் திறந்தால் மூன்று கைப்பிடிகள் இருக்கும். அவற்றை இழுத்தால் பூட்டு விடுபட்டு, சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே இறங்கிவிடும். புவியீர்ப்பு எந்த நாளும் பழுதாவதில்லை அல்லவா!

பின் எதற்காகச் சுற்ற வேண்டும்? எடையைக் குறைப்பதற்காக. ஷார்ஜாவுக்கு நான்கு மணி நேரப் பயணம். அதற்கான எரிபொருள் அத்தனையும் தொட்டியில் இருந்தது. இந்த வகை விமானம் ஏறக்குறைய 79 டன் எடையோடு மேலே ஏறலாம். ஆனால் சுமார் 66 டன்னுக்கு மேற்பட்ட எடையோடு சாதாரணமாகத் தரையிறங்கக் கூடாது. பெரிய விமானங்கள் பலவற்றில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிட வழியுண்டு. 737இல் அது கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். மணிக்குச் சுமார் இரண்டரை டன் எரியும் என்று வைத்துக்கொண்டால், அந்த மாலையின் வட்டங்களுக்கு விடை கிடைத்துவிடுகிறது.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இயக்க ஆற்றல் நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. எடை கூடினால், விமானத்தைத் தாங்கிப் பிடிக்க இறங்கும் வேகமும் கூட வேண்டும். வேகத்தின் வர்க்கம் எடைக்கு நேர்விகிதத்தில் உயரும். ஆக, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் எடையின் வர்க்கத்தைப் போல் ஏறுகிறது. 66 டன்னுக்குப் பதில் 79 டன்னோடு இறங்கினால் ஆற்றல் 43 சதவீதம் அதிகம். எண்ணெய் அழுத்தமே சந்தேகத்தில் இருக்கும்போது, பிரேக்கும் மடல்களும் முழுத் திறனோடு வேலை செய்யும் என்று நம்பி இந்தச் சுமையை ஏற்றலாமா? திருச்சி ஓடுபாதையின் நீளம் சுமார் 2,480 மீட்டர்தான். ஓடுபாதையின் நீளத்தைக் கருதியே எடையைக் குறைத்ததாக விமான நிறுவனமும் பிற்பாடு சொன்னது. நாம் தத்தளிப்பு என்று பார்த்தது உண்மையில் வேலை. ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் கைப்புத்தகத்தைத் திறந்து வரி வரியாகச் சரிபார்க்கும் வேலை.

காத்திருப்பது எப்போதுமே நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகருக்கு மேலே யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம் ஒன்று சக்கரக் கோளாறுக்காக ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றியது. தலைமை விமானியின் கவனம் முழுவதும் சக்கரத்திலும் பயணிகளைத் தயார் செய்வதிலும் இருந்தது. எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் கவனித்தார்கள். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், மேலதிகாரியிடம் தயங்காமல் பேசவும், அவர் காது கொடுத்துக் கேட்கவும் விமானக் குழுவினருக்குத் தனிப் பயிற்சி வந்தது. இதைத் தெரிந்த ஒருவர் திருச்சி விமானத்தைப் பற்றி எழுதியிருந்தால், எத்தனை வட்டம் என்று எண்ணியிருக்க மாட்டார். தொட்டியில் எத்தனை டன் மிச்சம் என்று கேட்டிருப்பார்.

இதே திருச்சியில் 2018 அக்டோபர் 12 பின்னிரவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 136 பேருடன் துபாய்க்குக் கிளம்பிய விமானம் ஓடுபாதையின் முனையில் ஆன்டெனாவையும் சுற்றுச் சுவரையும் இடித்துக்கொண்டு மேலே எழும்பியது. வயிற்றுப் பகுதியில் சேதம். கருவிகள் எல்லாம் சரியாகக் காட்டுகின்றன என்ற விமானிகள் பயணத்தைத் தொடர்ந்தார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம் பறந்த பிறகுதான் மும்பையில் இறங்கினார்கள். இரண்டில் எது அதிக ஆபத்து? என் கணிப்பில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் 2018தான். ஆனால் அன்று ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. 2024இல் மாலை நேரம். விமானத்தின் பாதையை வீட்டுத் திரையிலேயே காட்டும் வசதியும் இருந்தது. நம் அச்சத்தை அளந்தது ஆபத்தல்ல, திரையில் விழுந்த வட்டங்கள்!

பத்திரிகைகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நிலையத்தில் ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் வரிசையாக நிற்கின்றன. விமானிகள் அவசரநிலையை அறிவிக்கவே இல்லை என்கிறது நிறுவனத்தின் விளக்கம். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம்: தரையில் உள்ளவர்கள் முன்னெச்சரிக்கையாகத் தாமே தயாராகலாம். இதைச் சொல்லியிருந்தால் குழப்பம் தீர்ந்திருக்கும். அந்த விளக்கமோ ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்ற பொதுச் சொல்லோடு நின்றது. டயரில் காற்றுப் போனாலும் அதுதான், எஞ்சினே நின்றாலும் அதுதான்!

விமானம் இறங்கியதும் கைதட்டல், பாராட்டு, இனிப்பு. விமானிகளுக்கு அது தகும். ஆனால் செய்தியும் அதோடு இறங்கிவிட்டது. எந்தக் குழாய் அல்லது பம்பு பழுதானது, அதைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், அதே வகையில் பறக்கும் மற்ற விமானங்களைப் பார்த்தார்களா? ஒரகடத்துத் தொழிற்சாலையில் பிரஸ் ஒரு மணி நேரம் நின்றாலே, மறுநாள் காலை சூப்பர்வைசர் இந்த மூன்றையும் கேட்டுவிடுவார்.