கரிசலில் வெடிக்காத சுவர்

தீப்பெட்டியில் வீடு கட்டாத பிள்ளை விளாத்திகுளம் பக்கம் கிடையாது. கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, சாத்தூர் என்று எந்தத் திசையில் போனாலும் தீப்பெட்டி ஆபீஸ். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் திண்ணையில் யாராவது பெட்டி ஒட்டிக்கொண்டோ, கட்டை அடுக்கிக்கொண்டோ இருப்பார்கள். ஒரு குரோஸ் என்றால் 144 என்பது பன்னிரண்டாம் வாய்ப்பாடு படிக்கும் முன்பே எங்களுக்குத் தெரியும். கோணலாக ஒட்டியது, லேபிள் தப்பியது, பசை காயாமல் நசுங்கியது என்று கழித்துப்போட்ட பெட்டிகளுக்கெல்லாம் நாங்கள்தான் சொந்தக்காரர்கள். அவற்றை அடுக்கி மாடி வீடு, கோபுரம், கோட்டை மதில் எல்லாம் எழுப்பியிருக்கிறோம். எல்லாம் ஆடிக் காற்று வரும் வரைக்கும்தான். ஆடிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். நாலு வீடு தள்ளி யாராவது கதவை ஓங்கிச் சாத்தினாலே போதும்.

அப்படிப்பட்ட ஊருக்குள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் செங்கல் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்! இத்தனை வயதுக்குப் பிறகும் அந்த ‘டக்’ சத்தத்தை நினைத்தால் எனக்குக் கை பரபரக்கிறது. உலகத்தில் எத்தனையோ பொம்மைகள் உண்டு. சாவி கொடுத்தால் ஓடும், பேட்டரி போட்டால் பாடும். ஆனால் பிள்ளையின் கைக்குள் வந்து, ‘நீ சொல், நான் ஆகிறேன்’ என்று நிற்கிற பொம்மை இது ஒன்றுதான். நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவதாகத் தோன்றலாம். இன்னும் பேசுவேன்.

எங்கள் வீட்டுக்கு அது வந்த வழி இருக்கன்குடி. ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைக் கும்பிட வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுகிற அந்த மணல்வெளியில் சனம் குவியும். எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிற அதே வைப்பாறுதான். வளையல் கடைக்கும் சேவுக் கடைக்கும் நடுவே ஒரு விளையாட்டுச் சாமான் கடை. அங்கே பாலிதீன் பையில், அட்டை ஸ்டேப்ளர் அடித்து, கொத்துக் கொத்தாகத் தொங்கின சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலக் கட்டிகள். ‘பில்டிங் செட்டு’ என்றார் கடைக்காரர். எங்கள் தெருவில் கடைசி வரை அதற்கு அதுதான் பெயர்.

ஆச்சிதான் வாங்கித் தந்தாள். பஸ்ஸில் வரும்போதே பையைக் கிழித்துவிட்டேன்.

“இத வச்சு என்னத்தலே செய்யப் போற?”

“வீடு கட்டப் போறேன் ஆச்சி.”

“அப்பம் வானத்த நல்லா ஆழமாத் தோண்டு. இது கரிசக்காடு.”

பஸ்ஸே சிரித்தது. ஆனால் ஆச்சி சொன்னது வேடிக்கைக்கு மட்டும் இல்லை. கரிசல் மண் மழைத் தண்ணீரைக் குடித்து உப்பும். கோடையில் காய்ந்து சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மோண்ட்மோரில்லோனைட் என்கிற களித்தாது செய்கிற வேலை அது. வருசத்துக்கு ஒரு தடவை பூமியே மூச்சு வாங்கி விட்டால் மேலே நிற்கிற சுவர் என்ன செய்யும்? எங்கள் ஊரில் விரிசல் விழாத வீட்டை விரல் விட்டு எண்ணலாம். வசதி உள்ளவர்கள் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரளையும் மணலும் நிரப்பி அதன்மேல் கட்டுவார்கள். மற்றவர்கள் சித்திரையில் விரிசலைப் பூசுவார்கள். ஐப்பசியில் அது வேறு பக்கம் திறக்கும். அப்படி ஒரு வீட்டுத் தரையில் உட்கார்ந்து, தலைகீழாகப் பிடித்து உதறினாலும் உதிராத ஒரு சுவரை நான் கட்டினேன். கையில் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினேன். அந்தப் பெருமிதத்தை வேறு எந்தப் பரிசும் எனக்குத் தந்ததில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு கொத்தனார் மாமா இருந்தார். சாயங்காலம் வேலை முடிந்து, காலில் சிமெண்டுக் கறையோடு வந்து எங்கள் திண்ணையில் உட்காருவார். நான் கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மூட்டுக்கு மேல மூட்டு வரக் கூடாதுல மாப்ள” என்றார். கீழ் வரிசையில் இரண்டு கல் சேருகிற இடத்துக்கு நேர் மேலே ஒரு முழுக்கல் உட்கார வேண்டும் என்று கையில் எடுத்தே காட்டினார். அதன்பின் அவரை நகர்த்த முடியவில்லை. மூலைக்கு மூலை கல்லை மாற்றிப் பூட்டினார். கதவுக்கு இடம் விட்டு, மேலே நீளக்கல்லை லிண்டல் போட்டார். நிஜச் செங்கல்லோடு பகலெல்லாம் மாரடித்துவிட்டு வந்த மனுசன் ராத்திரி எட்டு மணி வரை பொம்மைச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார் என்றால் இந்தச் சாமானின் மகிமைக்கு வேறு சாட்சி எதற்கு?

இதை இந்தப் பக்குவத்துக்குக் கொண்டுவந்ததும் ஒரு தச்சர் குடும்பம்தான். டென்மார்க்கில் பில்லுண்ட் என்கிற சின்ன ஊர். அங்கே 1932-இல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் மரப் பொம்மை செய்ய இறங்கினார். அதுதான் பிறகு லெகோ ஆனது. பிளாஸ்டிக் செங்கல்லை அவர்கள் 1949-இல் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்மாதிரி, ஹிலரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயரின் கிட்டிகிராஃப்ட் கட்டிகள். ஆரம்ப காலக் கல்லுக்கு வயிறு வெறும் பொள்ளல். மேலே ஏறுமே தவிர இறுகப் பிடிக்காது. ஓலேயின் மகன் காட்ஃப்ரெட், வயிற்றுக்குள் குழாய் வைத்த அமைப்புக்கு 1958 ஜனவரி 28-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்தக் குழாயில்தான் சூட்சுமம் முழுக்க இருக்கிறது.

ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையத்துக்கு எட்டு மில்லிமீட்டர். குமிழின் விட்டம் 4.8. கல்லின் உயரம் 9.6. மேல்கல்லை அழுத்தும்போது கீழ்க்கல்லின் குமிழ், சுவருக்கும் குழாய்க்கும் இடையே மயிரிழை இறுக்கத்தில் நுழைகிறது. பிளாஸ்டிக் துளி விலகிக் கொடுக்கிறது. உடனே பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்தத் திமிறல்தான் பிடி. பசை இல்லை, ஆணி இல்லை, காந்தம் இல்லை. பெரியவர் கட்டிக் கொடுத்தால் கழன்று விழாது. மூன்று வயதுப் பிள்ளை பிரித்தால் பிரிந்து வரும். இந்த இரண்டையும் ஒரே அளவுக்குள் கொண்டுவந்திருக்கிறார்களே, அதற்குத்தான் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 1958-இல் வார்த்த கல் இன்றைக்கு வருகிற கல்லோடு பூட்டிக்கொள்ளும். ஆறு மாசத்துக்கு முன் வாங்கிய போன் சார்ஜர் புதுப் போனில் ஏற மாட்டேன் என்கிற காலத்தில் இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

அசல் லெகோ எங்கள் வீட்டுக்குக் கப்பலில் வந்தது. தூத்துக்குடியிலிருந்து கப்பல் வேலைக்குப் போன மாமா ஒருவர், லீவில் வரும்போது சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். திறந்ததும் முதலில் தெரிந்தது, வாசனையே இல்லை என்பது. திருவிழாக் கல்லுக்கு உருக்கிய பிளாஸ்டிக் வாடை உண்டு, ஓரத்தில் பிசிறு உண்டு, ஒரே கல்லில் இரண்டு நிறம் கலங்கியிருக்கும். கொஞ்சம் மெத்தென்று வேறு இருக்கும். இதுவோ ஏபிஎஸ் பிளாஸ்டிக், லெகோக்காரர்கள் 1963 முதல் வார்ப்பது. நகத்தால் தட்டினால் கணீரென்றது. விளிம்பு கத்தி மாதிரி. காலில் மிதித்தால் உயிர் போகும், அது வேறு கதை.

அடுத்து நான் செய்ததைத்தான் எந்தப் பிள்ளையும் செய்திருக்கும். இருக்கன்குடிக் கல்லை எடுத்து டென்மார்க் கல்லின் மேல் வைத்து அமுக்கினேன்.

டக்!

உட்கார்ந்துவிட்டது! கொஞ்சம் லொட லொடப்பு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உட்கார்ந்துவிட்டது. எங்கோ பனிநாட்டில் வார்த்த கல்லும், நம் நாட்டில் எந்தச் சந்துக்குள்ளோ வார்த்து, லாரி ஏறி, ஆற்று மணலில் விரித்துப் போட்டு விற்ற கல்லும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன. ஏன் என்று வளர்ந்த பிறகு தெரிந்தது. 1958-இன் அந்தக் காப்புரிமை எழுபதுகளின் கடைசியில் காலாவதியாகிவிட்டது. அந்த அளவில் யாரும் வார்க்கலாம் என்றாகிவிட்டது. லெகோ நிறுவனம் விடாமல் வழக்காடிப் பார்த்தது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005-இலும், ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இலும், வேலை செய்கிற வடிவத்தை வணிகச் சின்னம் என்று ஒருவர் மட்டும் பூட்டிவைக்க முடியாது என்று சொல்லிவிட்டன. சட்டம் படித்தவர்கள் இதற்கு நூறு வியாக்கியானம் சொல்லட்டும். எனக்கு அது, ஆச்சி வாங்கித் தந்த பைக்குக் கிடைத்த தீர்ப்பு.

நாங்கள் கோட்டை கட்டவில்லை, விண்கலம் கட்டவில்லை. பார்த்ததைக் கட்டினோம். ஆட்டுச் சந்தைக்கு எட்டயபுரம் போகிற லாரி. படப்பு, தொழுவம், குலுக்கை. கறுப்புக் கல் கையில் கிடைத்த அன்று சீமைக் கருவேலம் விறகு அடுக்கிய கரிமூட்டம். விளாத்திகுளத்துக்கு அப்போது ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் கோவில்பட்டிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அதனால் எங்கள் தெருவில் அதிகமாகக் கட்டப்பட்டது ரயில்தான். ஒவ்வொருவன் பெட்டியும் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும். வரிசையாகக் கோத்தால் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசல் வரை போகும். சேக்காளிகள் சண்டை போட்டுக்கொண்ட நாளில் ரயில் பாதியில் நிற்கும். இறுகிப்போன கல்லைப் பிரிக்கப் பல்தான் ஆயுதம். என் பழைய கற்களில் பாதிக்கு மேல் பல்தடம் உண்டு. யாருடைய பல் எது என்றுகூடச் சொல்வேன்.

ஒரு சிவப்புக் கல் மட்டும் பங்குனி வெயிலில் புஞ்சை வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. குச்சி விட்டுத் துழாவினேன், கை விட்டுப் பார்த்தேன். தோள் வரை உள்ளே போனதே தவிரக் கல் அகப்படவில்லை. “பூமாதேவி விளையாடிட்டுத் தருவா” என்றாள் ஆச்சி. புரட்டாசி உழவில் கொழுமுனைக்கு அது வெளியே வந்தது! கரிசலுக்கு அந்தக் குணம் உண்டு. வெடிப்பில் விழுந்ததை விழுங்கும். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கித் தன்னைத் தானே புரட்டிக்கொண்டு உள்ளே கிடப்பதை மேலே தள்ளும். கல்லைக் கழுவினேன். நிறம் போகவில்லை. வைத்து அமுக்கினால் பிடியும் போகவில்லை.

கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கல் இரண்டை எத்தனை விதமாகப் பூட்டலாம் தெரியுமா? 24. மூன்று கல் என்றால் 1,060. ஆறு கல்லுக்கு 91,51,03,765! லெகோக்காரர்களே 1974-இல் பத்துக் கோடிச் சொச்சம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்கு ஏறும் வகைகளை மட்டும் எண்ணியிருந்தார்கள். கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ்தான் கம்ப்யூட்டர் வைத்து மிச்சத்தையும் எண்ணி முடித்தார். ஆறே ஆறு கல்! ஒரு திருவிழாப் பைக்குள் இருந்ததை எண்ணி முடிக்க எந்தக் கம்ப்யூட்டர் போதும்?

இப்போது கடைகளில் வருவது வேறு ரகம். எம்ஆர்எஃப் ஆதரவில் 1987-இல் தொடங்கி, நம் ராணிப்பேட்டையிலும் ஆலை வைத்திருக்கிற ஃபன்ஸ்கூல் முதல் எத்தனையோ பேர் கட்டிகள் போடுகிறார்கள். 2021 முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதால் வாடையும் பிசிறும் பெருமளவு போயிற்று, நல்லதுதான். அசல் லெகோவின் பெரிய பெட்டிகள் விலையைப் பார்த்தால் மிளகாய் வத்தல் மூட்டை விற்றுத்தான் வாங்க வேண்டும். அதை மன்னித்தாலும், உள்ளே இருக்கிற புத்தகத்தை நான் மன்னிக்க மாட்டேன். இந்தக் கல்லை இங்கே வை, அந்தக் கல்லை அங்கே வை என்று பக்கம் பக்கமாகப் படம். கட்டி முடித்ததும் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடுகிறது. பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்க நினைப்பவர்கள் படம் போட்ட பெட்டியை விட்டுவிட்டு, உதிரிக் கல் பையை வாங்குங்கள். தரையில் கொட்டுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் நீங்களும் தவழ்ந்து போய்ச் சேர்ந்துகொள்வீர்கள்.

பழைய கற்கள் பரணில் கிடந்தால் இறக்கி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். கொதிநீர் ஆகாது, நம் ஊர் மொட்டை மாடி வெயில் அறவே ஆகாது, வளைந்துபோகும். நான் போன முழுப்பரீட்சை லீவில்தான் இறக்கினேன். தங்கச்சி பிள்ளைகள் சக்கரம் வைத்த கல்லுக்கு அடித்துக்கொண்டார்கள். இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டேன். நீளமான சிவப்புக் கல் மூன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. “மாமா, அதக் குடுங்க” என்று ரெண்டு பேரும் மாறி மாறிக் கேட்கிறார்கள். முடியாது. வைப்பாற்றுப் பாலம் நான் பாதிதான் கட்டியிருக்கிறேன்.