கவுன்சிலிங் ஒத்துக்கொள்ளாதபோது

எங்கள் அரியக்குடியில் மாத்திரை சாப்பிட்டு ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்தால், "மருந்து ஒத்துக்கலை" என்பார்கள். காரைக்குடிக்குப் போய் வேறு மருந்து எழுதி வாங்கி வருவார்கள். அதே ஆள் மனநல ஆலோசகரிடம் நாலு தடவை போய்வந்து, முன்னைவிட ஒடுங்கி உட்கார்ந்துவிட்டால், "அவன் ஒத்துழைக்கலை" என்பார்கள். மருந்து கெடுத்தால் பழி மருந்தின் மேல் விழுகிறது. பேச்சு கெடுத்தால் பழி, கெட்டுப்போன மனிதன் மேலேயே விழுகிறது.

பேச்சு கெடுக்குமா என்றே பலர் கேட்பார்கள். கெடுக்கும். அமெரிக்க உளவியலாளர் ஸ்காட் லிலியன்ஃபெல்ட் 2007இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, தீங்கு செய்யக்கூடிய உளவியல் சிகிச்சைகளை ஒரு பட்டியலாகவே தொகுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிகிச்சை பெற்ற 14,587 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பு 2016இல் வெளியானது. அதில் 5.2 சதவீதம் பேர், சிகிச்சையால் தங்களுக்கு நீடித்த தீய விளைவு ஏற்பட்டதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய இருபதில் ஒருவர். இப்படிச் சொல்லும் வாய்ப்பு பாலியல் சிறுபான்மையினரிடமும் இனச் சிறுபான்மையினரிடமும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. சிகிச்சை அறையில் யார் அடிபடுகிறார்கள் என்பதற்கு இதுவே போதுமான தடயம்.

அதற்காக இந்தத் தொழிலையே ஒதுக்கிவிட முடியாது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஒரு பரிசோதனையை 2017இல் லான்செட் இதழ் வெளியிட்டது. உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வில் இருந்தவர்களோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசவைத்தார்கள். பலன் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆலோசகர்களின் அமர்வுகள் பதிவு செய்யப்பட்டன. சக ஆலோசகர்கள் கேட்டு மதிப்பிட்டார்கள். என் கணிப்பில் அந்த ஆய்வின் மிக முக்கியமான செய்தி அந்தக் கண்காணிப்புதான். மூடிய கதவுக்குள் என்ன பேசப்பட்டது என்று கேட்க இன்னொரு காது இருந்தது.

நம் ஊர்ப்பக்கத்து நிலவரம் வேறு. 2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவரையொருவர் நேசித்தவர்கள், வீட்டாருக்கு அஞ்சிச் சென்னைக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்களையும் பெற்றோரையும் உளவியலாளர் வித்யா தினகரனிடம் அனுப்பினார். பெண்களுக்குத் தங்கள் உறவைப் பற்றி எந்தக் குழப்பமும் இல்லை என்று அறிக்கை வந்தது. பெற்றோரின் கவலை ஊர்ப்பேச்சு. மகள்கள் காலம் முழுக்கத் துணையின்றி இருந்தாலும் பரவாயில்லை, அதுவே கௌரவம் என்ற எண்ணம்வரை அவர்களை அது தள்ளியிருந்தது. பிறகு அந்த நீதிபதி அரிதான ஒரு காரியம் செய்தார். தனக்கும் இந்த விஷயத்தில் அறியாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதே உளவியலாளரிடம் தானே ஓர் அமர்வுக்குப் போனார். தன் முன்முடிவுகள் கழன்றதைத் தீர்ப்பிலும் பதிவு செய்தார்.

2021 ஜூன் 7ஆம் தேதி வந்த அந்த உத்தரவுதான், ஒருவரின் பாலீர்ப்பைச் சிகிச்சையால் மாற்ற முயல்வதைத் தடை செய்தது. மீறுவோரின் உரிமத்தைப் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 'கன்வர்ஷன் தெரபி' எனப்படும் இந்த மாற்றும் முயற்சி தொழில்முறைக் குற்றம் என்று அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. ஒரே தொழில்தான். நீதிபதிக்கு அது கண்ணைத் திறந்தது. எத்தனையோ பிள்ளைகளுக்கு, 'நீ இருப்பதே நோய்' என்று மணிக்கணக்கில் சொன்னது. நீதிபதி தானாகப் போனார். வேண்டாம் என்றால் எழுந்து வந்திருக்க முடியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

'கவுன்சிலிங்' என்ற சொல்லை நாம் எப்படிப் புழங்குகிறோம் என்று கவனித்தால் போதும். வீட்டை விட்டுப் போன ஜோடிக்குக் காவல் நிலையத்தில் கவுன்சிலிங். மதிப்பெண் குறைந்தவனுக்குப் பள்ளியில் கவுன்சிலிங். மணமுறிவு கேட்பவளுக்குச் சேர்ந்து வாழச் சொல்லி கவுன்சிலிங். எல்லா இடத்திலும் பொருள் புத்திமதி. "கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க டாக்டர்" என்று அப்பா பணம் கட்டுகிறார். ஆலோசகருக்கு அப்போது வாடிக்கையாளர் யார்? பணம் கட்டியவரா, நாற்காலியில் தலைகுனிந்து இருப்பவரா? நம் சமூகத்தில் தீங்கு நுழையும் வாசல் இதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன். மகள் அழுது சொன்னதை அம்மாவிடம் அப்படியே ஒப்பிக்கும் ஆலோசகர் அதைத் துரோகமாக நினைப்பதில்லை, கடமையாக நினைக்கிறார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமை என்கிறது. அந்த உரிமை நம் வீட்டு நடுக்கூடம்வரை வந்து சேரவில்லை.

மருத்துவ ஆணையத்தின் அறிவிப்பும் மருத்துவர்களைத்தான் கட்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிய வேண்டும். மற்ற ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவர 2021இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் பலகையைப் பார்த்து உள்ளே போகும் நாம், பதிவு எண்ணைக் கேட்பதே இல்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை ஆலோசகரிடம் அழைத்துப் போவதானால், முதலில் அவர்கள் சம்மதத்தைக் கேளுங்கள். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே பேசியதைக் கேட்காதீர்கள். திரும்பி வரும் வழியில் பேருந்தில், "இவர் உனக்கு ஒத்துக்கிறாரா?" என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், மறுபடி அங்கே கூட்டிப் போகாதீர்கள்.