காளான் மின்சாரம்: குடவாசல் வைக்கோலுக்கு ஆகுமா?

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து சேரும் ஆண்டுகளில் காவிரி டெல்டாவின் குடவாசல் பக்கத்து வயல்களில் வைக்கோலைச் சீந்துவாரில்லை. பெல்ட் அறுவடை வண்டி நெல்லை எடுத்துக்கொண்டு போனபின் நனைந்த வைக்கோல் கிடந்த இடத்திலேயே கறுத்துப்போகும். மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். கட்டு கட்டும் எந்திரத்துக்கும் ஈர வைக்கோல் ஆகாது. சம்பா வைக்கோல் கதை வேறு. தை, மாசி வெயிலில் காய்ந்து, உருளைக் கட்டுகளாக லாரி ஏறி மாட்டுப் பண்ணைகளுக்குப் போய்விடுகிறது. எனவே வேளாண் கழிவிலிருந்து மின்சாரம் என்று யார் பேச வந்தாலும், எந்தக் கழிவு என்று முதலில் கேட்க வேண்டும். விலைபோகிற சரக்கைக் கழிவு என்று கணக்கெழுத முடியாது.

பூஞ்சைகளைக் கொண்டு நுண்ணுயிர் எரிபொருள் கலத்தில் மின்சாரம் எடுக்கும் முறை இந்த முதல் கேள்வியில் தேறிவிடுகிறது. வைக்கோலை எரித்து மின்சாரம் எடுப்பதானால் அது காய்ந்திருக்க வேண்டும். காய்ந்திருந்தாலும் அதிலுள்ள சிலிக்காவும் பொட்டாசியமும் கொதிகலனுக்குள் உருகிக் கட்டியாகப் படியும். நுண்ணுயிர்க் கலத்துக்கோ ஈரம்தான் வேண்டும். நம் ஊர் வெப்பமே அதற்குப் போதும், புகை கிடையாது, மிஞ்சும் சக்கையில் சத்து இருப்பதால் வயலுக்கே திருப்பிவிடலாம். மழையில் நனைந்த குறுவை வைக்கோலுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை காகிதத்தில் இல்லை.

காகிதத்தில் என்று சொல்லக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் எம்.சி. பாட்டர் 1911-லேயே ஈஸ்ட்டிலிருந்து மின்னழுத்தம் பெற்றுக் காட்டினார். ஈஸ்ட்டும் பூஞ்சைதான், ஆக இந்தத் துறை பூஞ்சையோடுதான் பிறந்தது. 1931-இல் அமெரிக்காவில் பார்னெட் கோஹன் பல நுண்ணுயிர்க் கலங்களை அடுக்கி 35 வோல்ட் எடுத்தார். கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. ஓடிய மின்னோட்டமோ 2 மில்லி ஆம்பியர். பெருக்கினால் 0.07 வாட். இந்தத் துறையின் செய்திகளை வோல்ட்டில் படிக்கக் கூடாது, வாட்டில்தான் படிக்க வேண்டும். இன்றும் பள்ளி அறிவியல் கண்காட்சி முதல் செய்தித்தாள் வரை வோல்ட்டைச் சொல்லித்தான் கைதட்டல் வாங்குகிறார்கள்.

சிக்கல் கலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கலத்தில் ஒரு சவ்வு பிரிக்கும் இரண்டு அறைகள். எதிர்முனை அறையில் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று எலக்ட்ரானை வெளிவிட வேண்டும். அது கம்பி வழியே நேர்முனைக்குப் போய் அங்குள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகும். எதிர்முனை அறைக்குள் ஆக்சிஜன் புகுந்தால் எலக்ட்ரானை அதுவே பறித்துக்கொள்ளும். வைக்கோலில் சர்க்கரையைச் சிறைவைத்திருக்கும் லிக்னினை உடைப்பதில் வெண்ணழுகல் பூஞ்சைகளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்ய அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். அவை வேலை செய்யும் இடத்தில் மின்சாரம் எடுக்க முடியாது. மின்சாரம் எடுக்கும் இடத்தில் அவற்றால் வேலை செய்ய முடியாது. ஈஸ்ட் காற்றில்லாமலும் பிழைக்கும். ஆனால் அதன் எலக்ட்ரான் போக்குவரத்து செல்லுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், வெளியே கொண்டுவர மெத்திலீன் நீலம் போன்ற தரகுப் பொருள் தேவைப்படுகிறது. அதற்குக் காசு ஆகும். கழிவோடு கழிவாக வயலில் கொட்டவும் முடியாது.

இதை உணர்ந்தவர்கள் பூஞ்சையை நேர்முனைக்கு மாற்றினார்கள். அங்கே அது சுரக்கும் லாக்கேஸ் நொதி, ஆக்சிஜனை நீராக்கும் வினையைப் பிளாட்டினம் இல்லாமலே நடத்தித் தருகிறது. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிலையம் 2025 தொடக்கத்தில் அறிவித்த பூஞ்சை மின்கலம் இந்த வழியில் வந்தது. ஒரு முனையில் ஈஸ்ட், மறுமுனையில் வெண்ணழுகல் பூஞ்சை, இரண்டும் முப்பரிமாண அச்சில் வார்த்தவை. ஒரு வெப்பநிலை உணரியைச் சில நாட்கள் இயக்கும் அளவுக்கு மின்சாரம். அதை உருவாக்கியவர்களும் அதற்கு மேல் பெருமை பேசவில்லை. அந்த அடக்கம் நம் ஊர்த் திட்ட அறிக்கைகளுக்கும் வரவேண்டும்.

இன்னொரு வழி, பூஞ்சையை முதலில் வைக்கோலில் வளரவிட்டு, இளகிய சக்கையைப் பின்னர் பாக்டீரியாவுக்குத் தருவது. நல்ல யோசனைதான். ஆனால் வெண்ணழுகல் பூஞ்சையான சிப்பிக் காளானை வளர்ப்பவர்கள் இதன் முதல் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள். வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டி, ஊறவைத்து, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டாத பதத்தில் பாலித்தீன் பையில் அடுக்கடுக்காகக் காளான் வித்து தூவிக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பை முழுக்க வெள்ளை படர்ந்துவிடும். லிக்னினை உடைக்கும் வேலை அந்த வெள்ளையில்தான் நடக்கிறது. அதன் விளைச்சல் மின்சாரமாக அல்ல, கிலோக் கணக்கில் விற்கும் காளானாகக் கைக்கு வருகிறது. காளான் மின்சாரத்துக்குப் போட்டி காளானேதான்.

டெல்டாவுக்கு நேரடியாகப் பொருந்தும் அளவீடு ஒன்று உண்டு. கரக்பூர் ஐஐடியில் கங்ரேகர் குழுவினர் 2010-இல் அரிசி ஆலைக் கழிவுநீரை நுண்ணுயிர்க் கலத்தில் சோதித்தார்கள். விலையுயர்ந்த சவ்வு பொருத்திய கலம் கன மீட்டருக்கு 0.53 வாட் தந்தது. வெறும் மண்பானையைச் சவ்வாக வைத்த கலம் 2.3 வாட் தந்தது. மண்பானைக் கலத்தில், நீரின் மாசை அளக்கும் வேதி ஆக்சிஜன் தேவை 96.5 சதவீதம் குறைந்தது. அந்த நல்ல பலன் சற்றே காரத்தன்மையுள்ள நீரில், பாக்டீரியாவைக் கொண்டு கிடைத்தது. பூஞ்சை லாக்கேஸோ பெரும்பாலும் அமிலச் சூழலைத்தான் நாடும்.

இந்த 2.3 வாட்டை நம் கண்ணுக்குத் தெரிகிற பொருளில் வைத்துப் பார்ப்போம். மாடியில் இருக்கும் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி அளவுக்குக் கலம் கட்டினால், ஒரு யூனிட் சேர 18 நாள் ஆகும். ஒரு 9 வாட் எல்இடி விளக்குக்கு நான்கு தொட்டி. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 1600 தொட்டிக்கு மேல். இதுவும் ஆய்வகத்தின் சிறு கலத்தில் கிடைத்த விகிதம் அப்படியே நீடித்தால்; கலம் பெரிதாகப் பெரிதாக அது குறைவதுதான் வழக்கம். அதே கொள்ளளவில் சாண எரிவாயுக் கலம் இருந்தால் ஒரு வேளைச் சமையலுக்காவது வழி பிறக்கும். விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசமாக வரும் மாநிலத்தில், எந்த விவசாயி இதற்காகத் தொட்டி கட்டுவார்?

ஆனால் அந்த 96.5 சதவீதத்தை நான் தள்ளிவிடமாட்டேன். புழுங்கல் அரிசி ஆலைகளின் ஊறல் தண்ணீர் வாய்க்காலில் கலந்தால் எழும் நாற்றம் நெல் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சத்து ஏற்கெனவே நீரில் கரைந்திருப்பதால் லிக்னின் கோட்டையை உடைக்கப் பெரிய பாடு இல்லை. அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்வதற்கு வழக்கமான முறையில் காற்றடிக்க மின்சாரம் செலவாகும். நுண்ணுயிர்க் கலத்தில் அந்தச் செலவு மிச்சம், கூடவே ஒரு உணரியை இயக்கும் அளவுக்கு வரவு. இந்த முறையின் உண்மையான பலம் இதுதான்.

இதைச் சோதிக்க வெளிநாடு போக வேண்டாம். மின்வேதியியலுக்குக் காரைக்குடியில் மத்திய ஆய்வகம் இருக்கிறது. 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வகமாகத் தொடங்கிய நெல் பதனிடும் ஆய்வு மையம், இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. இரண்டும் சேர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆலையின் ஊறல் தொட்டிப் பக்கத்தில் மண்பானைக் கலங்களை ஓராண்டு வைத்துப் பார்க்கட்டும். முடிவை வெளியிடும்போது எத்தனை வோல்ட் என்பதை விட்டுவிட்டு, எத்தனை லிட்டர் தண்ணீர் சுத்தமானது, லிட்டருக்கு என்ன செலவு என்று மட்டும் சொல்லட்டும்.