கிர்க்வால் எரிந்தது யாரால்?

விளையாட்டின் மூன்றாம் அங்கத்தின் நடுவில், நம் தோழனான மந்திரவாதி ஆண்டர்ஸ் நம்மிடம் இரண்டு பொருள்கள் கேட்கிறான். ஒன்று சாக்கடைகளில் படிந்திருப்பது, மற்றது சுரங்கத்தில் கிடைக்கும் ஒரு கல். தன் உடலுக்குள் குடியேறிவிட்ட ஆவியைப் பிரித்தெடுக்க அவை வேண்டும் என்கிறான். தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறோம். அடுத்து, திருச்சபையின் தலைமை அம்மையாரிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கச் சொல்கிறான். அதையும் செய்கிறோம். பின்னர் ஒருநாள் அந்தத் திருச்சபைக் கட்டடம் அம்மையாரோடு சேர்ந்து வெடித்துச் சிதறுகிறது. நாம் பொறுக்கித் தந்தது வெடிமருந்துக்கான சரக்கு.

2011 மார்ச்சில் பயோவேர் வெளியிட்ட டிராகன் ஏஜ் 2 விளையாட்டில் இது உச்சமான இடம். உதவ முடியாது என்று மறுத்தாலும் கட்டடம் வெடிக்கத்தான் செய்யும். நம் தேர்வுக்கு மதிப்பே இல்லையே என்று பலர் குறைபடுவது இங்கேதான். அந்தக் குறையை நான் ஏற்கவில்லை. ஆண்டர்ஸ் முதல் அங்கத்திலிருந்தே இந்தப் பாதையில்தான் நடந்து வருகிறான். சிறை போன்ற கோபுரத்தில் மந்திரவாதிகளை அடைத்து வைப்பதைப் பற்றி அவன் பேசும் ஒவ்வொரு வார்த்தையிலும் சூடு ஏறிக்கொண்டே போகிறது. நாம் மறுத்தோம் என்பதற்காக அவன் மனம் மாறியிருந்தால் அதுதான் பொய்யாக இருந்திருக்கும். கதை சறுக்குவது இதற்குப் பிறகு.

முதலில் இந்த விளையாட்டு எதற்கு ஆசைப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். 2009 நவம்பரில் வந்த முதல் பாகம், உலகை விழுங்க வரும் பேய்ப்படையை எதிர்த்துப் படை திரட்டும் கதை. இரண்டாம் பாகத்தில் அந்தப் பேய்ப்படைக்குத் தப்பி ஓடிவந்த ஓர் அகதிக் குடும்பம், கிர்க்வால் என்ற ஒரே ஒரு நகரம், சில ஆண்டு இடைவெளிகளோடு மூன்று அங்கங்கள். கதைநாயகன் ஹாக் (நாயகியாகவும் ஆடலாம்) ஒண்ட இடமில்லாமல் வந்து, அந்த ஊரின் காவலனாக உயர்ந்து, அந்த ஊர் அழிவதையும் பார்க்கிறான். உலகைக் காக்கும் வேலை இல்லை. வாடகை, கடன், தம்பி தங்கை, அம்மா. இருள் மிகுந்த கற்பனைக் கதைகளில் இப்படியொரு களத்தைப் பெரிய நிறுவனம் எடுத்தது பாராட்டத்தக்கது. இன்றுவரை நான் இதற்குத் திரும்பித் திரும்பிப் போவதும் இதனால்தான்.

ஆனால் முதல் பாகத்துக்கும் இதற்கும் இடையில் பதினாறே மாதம். அந்த அவசரம் நகரமெங்கும் தெரிகிறது. எத்தனை குகைக்குள் நுழைந்தாலும் அதே குகை. ஒரு தடவை இடப்பக்க வாசல் கல்பலகையால் அடைபட்டிருக்கும், இன்னொரு தடவை வலப்பக்கம். திரையின் ஓரத்திலுள்ள சிறு வரைபடமோ அடைபட்ட அறைகளையும் சேர்த்தே காட்டும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, ஆண்டுகள் உருண்டும் நகரம் மாறாமல் நிற்பது. ஆண்டுக்கணக்கில் ஒரே ஊரில் வாழும் கதை என்றால் ஒரு கடை மூடியிருக்க வேண்டும், ஒரு சுவர் இடிந்திருக்க வேண்டும், பழகிய முகம் ஒன்று நரைத்திருக்க வேண்டும். கிர்க்வாலில் காலம் ஓடியதற்கு உரையாடல் மட்டுமே சாட்சி.

சிறு குவெஸ்ட்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. குகையில் யாருடையதோ ஒரு பொருள் கிடைக்கும். தெருவில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால் நன்றியும் காசும் வரும். அந்த மனிதர் யார், பொருள் எப்படித் தொலைந்தது, எதுவும் கிடையாது. சண்டைகளிலும் இதே அலட்சியம். ஒரு கூட்டத்தை வீழ்த்தியதும் அடுத்த கூட்டம் கூரையிலிருந்து குதிக்கும். யாரை எங்கே நிறுத்துவது என்று யோசித்து ஆடியவருக்கு அந்த யோசனை வீண்.

இதே விளையாட்டு நல்ல குவெஸ்ட் எழுதத் தெரியாததல்ல. ஹாக்கின் அம்மா லியாண்ட்ராவின் கதையைப் பாருங்கள். காணாமல் போகும் பெண்களைப் பற்றி முதல் அங்கத்திலேயே ஒரு விசாரணை தொடங்குகிறது. அதை மற்றொரு பக்க வேலை என்று நினைத்து முடித்துவிட்டுப் போகிறோம். இரண்டாம் அங்கத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்தால் அம்மா இல்லை. யாரோ வெள்ளை அல்லிப் பூங்கொத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பூவை முன்பே விசாரணையில் பார்த்தவருக்கு நெஞ்சு அடைக்கும். ரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்து ஓடுகிறோம். எவ்வளவு வேகமாக ஓடினாலும் அம்மாவைக் காப்பாற்ற முடியாது. இங்கும் தேர்வு கிடையாது. ஆனால் ஒருவரும் ஏமாற்றப்பட்டதாக உணர்வதில்லை. விதை முன்பே விதைக்கப்பட்டது, கண்ணெதிரே முளைத்தது, நாம் கவனிக்கவில்லை. ஊழ் என்ற சொல்லுக்கு ஒரு விளையாட்டில் இவ்வளவு நெருக்கமாக வந்த இடம் வேறொன்றை நான் கண்டதில்லை.

இனி மூன்றாம் அங்கத்தின் முடிவுக்கு வருவோம். கட்டடம் வெடித்ததும் மந்திரவாதிகளைக் காவல் காக்கும் டெம்ப்ளர்களின் தளபதி மெரடித், கோபுரத்திலுள்ள மந்திரவாதிகள் அத்தனை பேரையும் கொல்ல ஆணையிடுகிறாள். அவர்களின் தலைவர் ஒர்சினோ எதிர்த்து நிற்கிறார். நாம் ஒரு பக்கம் சேர வேண்டும். மந்திரவாதிகளின் பக்கம் சேர்ந்து, கோபுரத்தைக் காத்து நின்று, எதிரிகளை விரட்டுகிறோம். அந்த நேரத்தில் ஒர்சினோ நம்பிக்கை இழந்து, விலக்கப்பட்ட ரத்த மந்திரத்தை ஓதி, செத்தவர்களின் உடல்களைத் தன்னோடு சேர்த்து ராட்சதப் பிணக்குவியலாகி நம் மீதே பாய்கிறார். டெம்ப்ளர் பக்கம் நின்றாலும் இதே கதிதான். லியாண்ட்ராவைக் கொன்றவனின் ஆராய்ச்சியை அவர் அறிந்திருந்தார் என்ற செய்தி, கொலைகாரனின் குகையில் கிடக்கும் ஒரு கடிதத்திலும் கடைசி நிமிடத்தில் ஓரிரு வரிகளிலும் அடங்கிவிடுகிறது. ஓர் அங்கம் முழுக்க வளர்த்திருக்க வேண்டிய முடிச்சு அது.

ஆண்டர்ஸின் செயல் அவன் குணத்திலிருந்து பிறந்தது. ஒர்சினோவின் செயலுக்கு அப்படி வேர் எதுவும் இல்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய சண்டை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மெரடித்தின் கதியும் இதுவே. முதல் அங்கத்தில் பூமிக்கடியில் கண்டெடுத்த சிவப்புச் சிலை அவள் கைக்கு வாளாக வந்து சேர்ந்து, அவளைப் பித்தாக்கிவிடுகிறது. அடக்குமுறைக்கும் அச்சத்துக்கும் நடுவே ஊர் எப்படி வாழும் என்று பல மணி நேரம் நம்மைக் கேட்ட கதை, கடைசியில் ஒரு தரப்பைப் பிணங்களிலும் மறு தரப்பை உலோகத்திலும் கரைத்துவிட்டு, பதில் சொல்லாமல் எழுந்து போகிறது. முன்னரே தராசு சாய்ந்தும் கிடந்தது. வழியில் சந்திக்கும் மந்திரவாதிகளில் பெரும்பாலோர் ரத்த மந்திரத்தில் இறங்குகிறார்கள். முதல் அங்கத்தில் கிரேஸ் என்பவளை டெம்ப்ளர்களிடமிருந்து தப்பவிட்டாலும், பிடித்துக் கொடுத்தாலும், மூன்றாம் அங்கத்தில் அதே வெறுப்போடு வந்து நம் ஆளைக் கடத்துகிறாள்.

தோழர்கள்தான் இந்த விளையாட்டின் செல்வம், அவர்களிடத்திலும் ஓர் ஓட்டை உண்டு. ஒவ்வொருவருக்கும் நட்பு, போட்டி என இரு முனையுள்ள அளவுகோல். நம்மோடு முட்டி மோதுகிறவரும் விசுவாசமாகக் கூடவே இருக்கலாம் என்பது அருமையான எண்ணம். தோழி மெரில் தன் உடைந்த மந்திரக் கண்ணாடியைச் சரிசெய்ய முயல்வதை நாம் கடைசிவரை எதிர்க்கலாம். அவள் கோபத்தோடு நம் பக்கமே நிற்பாள். ஆனால் சிலவற்றில் ஒத்துப்போய் சிலவற்றில் சண்டை போட்டால், முள் நடுவிலேயே நின்று இரு பக்கத்துப் பலனும் கிடைக்காது. உண்மையான சிநேகம் பெரும்பாலும் அந்த நடுவில்தான் இருக்கிறது. முதல் பாகத்தில் கூடாரத்தில் எப்போது வேண்டுமானாலும் உட்கார்ந்து பேச முடிந்தவர்களோடு, இங்கே கதை அழைக்கும்போது அவரவர் வீட்டுக்குப் போனால் மட்டுமே பேச முடிகிறது. வழியில் தொட்டால் ஒற்றை வரி வரும்.

இருந்தும் அவலினை மறக்க முடியவில்லை. ஊர்க்காவல் தலைவி; வாள் சுழற்றத் தயங்காதவள், காதலைச் சொல்லத் தெரியாமல் செம்பில் அடித்த செண்டுமல்லிப் பூவைக் காவலன் ஒருவனுக்கு நம் கையில் கொடுத்தனுப்புகிறாள். அதுவும் பலிக்காமல், இருவரும் ரோந்து போகும் பாதையில் நாம் முன்னே ஓடி எதிரிகளை ஒழித்து, தீப்பந்தம் ஏற்றி, அவர்கள் தனியே பேச வழி செய்கிறோம். பேயும் ரத்தமும் நிறைந்த ஊரில் இப்படியொரு மாலைப் பொழுதை எழுதிய கை, சிறு குவெஸ்ட்களை ஏன் அப்படிக் கைவிட்டது என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

என் தீர்ப்பு இது: இரண்டாம் அங்கம் வரை டிராகன் ஏஜ் 2 அதன் வகையில் மிகச் சிறந்த எழுத்துகளில் ஒன்று, மூன்றாம் அங்கம் தோல்வி. முதல் பாகத்தை விட ஆழமான கேள்வியைக் கேட்டு, அதைவிட மோசமான பதிலைத் தந்த விளையாட்டு.

இனிமேல் ஆடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தூக்கிலிடப்பட்டவன் என்ற பெயருள்ள சாராயக்கடையில் கடற்கொள்ளைக்காரி இசபெலாவை முதல் அங்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், நடுவில் நிற்காமல் ஒரு முனைக்குப் போகும்வரை அவளோடு பழகுங்கள், அவளுக்கான குவெஸ்டையும் முடித்துவிடுங்கள். அவள் திருடிய புனித நூலைத் தேடித்தான் குனாரி என்ற அயலாரின் படை ஊருக்குள் முடங்கிக் கிடக்கிறது. இரண்டாம் அங்கத்தின் முடிவில் ஊர் தீப்பற்றி எரியும்போது, அந்த நூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்பது நீங்கள் அவளோடு எப்படி இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.