படங்குக்கு அடியில் இருந்த நீலம்

ஆடி பிறந்துவிட்டால் ஊவா மலைகளில் காற்றின் ஆட்சிதான். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அந்த வறண்ட காற்றில் கொழுந்து குறையும், தேயிலையின் வாசம் கூடும். ஊவாத் தேயிலைக்குத் தனிப் பெயர் கிடைத்தது அந்த மாதங்களால்தான். அதே காற்று ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டங்களில் தகரக் கூரையின் இடுக்கு வழியே லயத்துக் காம்பராவுக்குள்ளும் நுழையும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதற்குள் படுக்கும் பிள்ளைகளுக்காகத் தோட்டத்துப் பெண்கள் கையால் தைத்த ஒரு பொருளைக் கலைப்பொருள் என்றே நான் சொல்லி வருகிறேன்: பழஞ்சேலைகளை அடுக்கி, ஒட்டுப் போட்டு, நூலோட்டித் தைத்த போர்வை.

மலைநாட்டுக் குளிருக்கு முதலில் வந்தது கம்பளி. தோட்டமே அதைக் கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். பகலில் அதையே கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மழையோடு மலைக்குப் போனார்கள். இரவில் அதுவே போர்வை. நாள் முழுக்க நனைந்த கம்பளி ஒரு ராத்திரிக்குள் காய்ந்துவிடாது. ஆகவே வீட்டை விட்டு வெளியே போகாத இன்னொரு போர்வை தேவைப்பட்டது. பழஞ்சேலையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிக்கும் பழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் உண்டு. மலைக் குளிருக்கு அடுக்குகள் கூட வேண்டியிருந்தன, அவ்வளவுதான்.

ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், உறவுமுறையில் எனக்கு அம்மாயியான ஒருவரின் வீட்டில் இருக்கும் போர்வையைச் சொல்கிறேன். அடியில் ஒரு முழுச்சேலையை இரண்டாக மடித்து விரித்திருக்கிறார்கள். மேல்பக்கத்தின் நடுவில் கரும்பச்சைக் கட்டம் போட்ட நூல்சேலை ஒன்றின் முந்தானை, துண்டு போடாமல் முழுதாக. அதைச் சுற்றி நான்கு பக்கமும் கரைகள்: மஞ்சள், அரக்கு, மெல்லிய வெள்ளை. சேலையில் கடைசிவரை தாக்குப்பிடிப்பது கரைதான். போர்வையிலோ அடிக்கடி கைபட்டு இழுபடுவது விளிம்பு. கரை விளிம்புக்குப் போனது அந்தக் கணக்கில். வலது மூலையில் மட்டும் ஒரு சட்டைத் துணி, பட்டன் துளையோடு. துளையைத் தைத்து மூடவில்லை. நூலோட்டம் அதைச் சுற்றி வளைந்து போகிறது.

ஓரிடத்தில், வரிசையின் பாதியில் வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. அங்கிருந்து கறுப்பு நூல் தொடங்குகிறது. வெள்ளைக் கரையில் புள்ளி புள்ளியாகப் போய், கரும்பச்சைக்குள் நுழைந்ததும் மறைந்து, மறுபக்கத்து மஞ்சளில் மறுபடி தலைகாட்டுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வரிசை அது. வேறு நூல் வாங்கி வரும்வரை காத்திருந்தால் போர்வை இன்னும் ஒழுங்காக இருந்திருக்கும், இந்த அழகு வந்திருக்காது.

அந்த வீட்டில்தான் ஒட்டுவேலையின் அடிப்படையான பாடமும் எனக்குக் கிடைத்தது. தைப்பதற்கென்று எடுத்து வைத்திருந்த சேலைகளுக்குள், நிறம் கொஞ்சமும் வெளுக்காத நீலப் பகுதி ஒன்றைக் காட்டி, இதை நடுவில் வைக்கலாமே என்று கேட்டேன்.

"கண்ணால பாக்காத புள்ள. வெரலால தடவிப் பாரு" என்றார் அம்மாயி.

தடவினால் துணி நூல்நூலாகப் பிரிகிறது. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவார்கள். தேயிலைச் செடியின் வாதுகள் கிழிக்காமலும் பனியில் நனையாமலும் அது காக்கும். வெயில் படாததால் படங்குக்கு அடியில் சேலையின் நிறம் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். ஆனால் படங்கு ஓயாமல் உரசுவதால் நூல் மெலிந்துபோயிருக்கும். வெயில் தின்ற மேல்பாகமோ வெளுத்திருந்தாலும் உறுதியாக இருக்கும். நிறம் ஒரு பக்கம், பலம் ஒரு பக்கம். உழைத்த சேலையில் இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. நல்ல கைகாரி பலமான வெளிறலை மேலே பரப்பி, மெலிந்த நீலத்தை அடுக்குக்குள் வைப்பாள், அல்லது சின்னச் சின்னத் துண்டாக்கி நெருக்கித் தைப்பாள். தோட்டத்துப் போர்வைகளில் வெளிர்நிறங்கள் அகலமாகவும், ஆழ்ந்த நிறங்கள் சிறு சதுரங்களாகவும் வருவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அந்த நிற அமைப்பை ஓவியர் ஒருவர் திட்டமிட்டுச் செய்திருந்தால் நாம் வியந்திருப்போம்.

இதே வியப்பை இன்னொரு தோட்டத்து மக்கள் உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த கீஸ் பெண்ட் என்ற ஊர். அடிமைகளை வைத்து நடந்த பருத்தித் தோட்டம் அது. தோட்ட முதலாளியின் பெட்வே என்ற பெயரே அங்குள்ள கறுப்பின மக்கள் பலருக்கும் குடும்பப் பெயராகிவிட்டது. பலகை வீட்டுக் குளிருக்கு அவர்கள் தைத்த ஒட்டுப்போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்து, அங்கிருந்து நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குப் போயின. 2006இல் தபால் முத்திரைகளாகவும் வெளிவந்தன. மிசூரி பெட்வே என்ற பெண் 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்துத் தைத்த போர்வை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கீஸ் பெண்டின் வேலை உடுப்புப் போர்வைகளைப் பாருங்கள். வெளுத்த காற்சட்டைத் துணியில், பொக்கெட் பிரித்தெடுத்த இடம் மட்டும் கருநீலச் சதுரமாகத் தெரியும். படங்குக்கு அடியில் இருந்த நீலமும் பொக்கெட்டுக்கு அடியில் இருந்த நீலமும் ஒரே வழியாக வந்தவை. ஒன்று அருங்காட்சியகச் சுவரில் தொங்குகிறது. மற்றது நம் வீடுகளில் கட்டிலடியில் மடித்துக் கிடக்கிறது. இந்த வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது.

பக்கத்து நாட்டிலும் உறவுகள் உண்டு. வங்காளத்துக் காந்தாவைப் பலர் அறிவார்கள்: நைந்த சேலைகளை அடுக்கி, பழைய கரையிலிருந்து உருவிய நூலாலேயே தாமரையும் மீனும் தைப்பது. என் மனதுக்கு நெருக்கமானது கர்நாடகத்தின் வடகன்னடக் காடுகளில் வாழும் சித்திப் பெண்களின் கவண்டி. ஆப்பிரிக்க வழிவந்த மக்கள் அவர்கள். மூலையில் தொடங்கி ஓரமாகவே சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டுகளை அடுக்கிப் பூ வைப்பார்கள். பூ இல்லாத போர்வை அவர்களுக்கு அம்மணமான போர்வை.

இனி, தொடங்க நினைப்பவர்களுக்கு. கடைக்குப் போய்ப் புதுத்துணி வாங்காதீர்கள். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், தோய்த்தால் சுருங்கும், ஊசி முரண்டு பிடிக்கும். நூறு தரம் தோய்த்த நூல்சேலை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, ஊசிக்கு வழிவிட்டுத் தரும். முதலில் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்கே வெளிச்சம் கூடுதலாக வருகிறதோ அங்கே துணி மெலிந்திருக்கிறது. பிறகு இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கத்தரியை விடக் கையால் கிழிப்பது நல்லது, நூலோட்டம் பார்த்து நேராகக் கிழியும். நைலெக்ஸையும் நூல்துணியையும் ஒரே போர்வையில் கலக்க வேண்டாம். ஒன்று நைந்துபோன பிறகும் மற்றது நைய மறுத்து, தையலை அறுத்துவிடும்.

முதல் வேலை தலையணை உறை அளவுக்கு மேல் போகக் கூடாது. மூன்று அடுக்கு போதும். தரையைத் துடைத்துவிட்டு அடித்துணியை விரித்து, மேலுக்கு மேல் அடுக்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் நீவிச் சுருக்கம் எடுங்கள். விரலளவு நீண்ட தற்காலிகத் தையல்களைக் கட்டம் கட்டமாக ஓட்டி எல்லாவற்றையும் பிடித்துவையுங்கள். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டால் கடைசியில் ஒரு மூலை மட்டும் உப்பி நிற்கும். பிறகுதான் உண்மையான நூலோட்டம். எட்டாம் இலக்க ஊசி. இலக்கம் ஏற ஏற ஊசி மெலியும் என்பதைக் கடையில் கேட்கும்போது நினைவில் வையுங்கள். நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். ஒவ்வொரு தையலும் ஓர் அரிசி நீளம் வந்தால் நல்ல கை. அதைவிட முக்கியம், இடைவெளியும் அதே நீளம் இருப்பது. அடிக்கடி திருப்பிப் பாருங்கள். பின்பக்கத் தையல் எங்காவது காணாமல் போயிருந்தால் அந்த இடத்தில் ஊசி எல்லா அடுக்கையும் பிடிக்கவில்லை. அம்மாயி ஒரு போர்வையை மதிக்கும்போது முதலில் திருப்பித்தான் போடுவார்.

கோலம், பூ, கிளி எல்லாம் பிறகு வரட்டும். நேர்வரிசை ஒன்றே போதும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். துணியின் நிறங்கள் மாறிக்கொண்டே இருக்கும்போது நேர்வரிசை அவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி நிறுத்துகிறது.

மணி வேலை வேறு குணம். நம் பக்கத்து வீடுகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மணிக்கிளி ஜோடி ஒன்று தொங்கும், வாசலில் மணித்தோரணம் இருக்கும். அந்தச் சிறு கண்ணாடி மணிகளுக்குப் பெரிய வரலாறு உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில், உருக்கிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிய மணிகள் கடல் கடந்து போயின. அந்த வகை மணிகள் நம் மாந்தையிலும் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. ஊசியைப் போலவே மணிக்கும் இலக்கம் ஏறினால் அளவு குறையும். பழகுபவர்கள் எட்டாம் இலக்கத்தில் தொடங்கினால் கண்ணுக்கு இதம், பதினொன்றுக்குப் பிறகு போகலாம். மணித்துளையின் ஓரம் கூர்மையாக இருக்கும், நூலை மெல்ல அறுக்கும். நூலுக்கு மெழுகு தேய்த்து, ஒவ்வொரு வரிசையிலும் இரண்டாம் முறை ஊசியைச் செலுத்துங்கள். தோரணத்துக்குத் தங்கூசி போதும். படுக்கும் போர்வையில் மட்டும் மணி வைக்காதீர்கள். குழந்தையின் உடம்பில் குத்தும், வாய்க்கும் போகும். சாமிப் படத்தட்டுக்கு விரிக்கும் சிறு துணி, காசுப்பை, இவையே மணிக்கு ஏற்ற இடம்.

இப்போது காமன்ட்டுக்குப் போகும் பிள்ளைகளால் வெட்டுத்துண்டுகள் வீட்டுக்கு வருகின்றன. அவற்றைச் சாக்கில் முடிச்சுப் போட்டுக் கால்மிதி செய்கிறார்கள். அதைப் பழஞ்சேலை வேலைக்குக் குறைந்ததாகச் சிலர் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். கீஸ் பெண்ட் பக்கத்துப் பெண்கள் நடத்திய கூட்டுறவுக்கு 1972இல் சியர்ஸ் நிறுவனத்தின் கோர்டுராய்த் தலையணை உறை வேலை கிடைத்தது. மிச்சத் துண்டுகள் ஊருக்குள் வந்தன. அந்தத் தடித்த துணியில் ஊரின் மிக அழகான சில போர்வைகள் பிறந்தன. வெட்டுத்துண்டில் பழைய சேலையின் நினைவு இருக்காது. நிறம் ஏராளமாக இருக்கும். அதற்கேற்ற கண் நம் பிள்ளைகளுக்கு வரும்.

என் கவலை பழைய போர்வைகளைப் பற்றியது. 2014 ஒக்டோபர் 29 காலை ஹல்துமுல்லைப் பிரதேசத்தின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது உயிர்கள் போயின. தலைமுறைகளாக வீடுகளில் இருந்த எல்லாமும் மண்ணுக்குள் போயிற்று. கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007 முதல் இருக்கிறது. நம் வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கும் காட்சிக்கூடத்தில் இடம் உண்டு என்று அது காட்டியிருக்கிறது. தைத்த போர்வைகளுக்கென்று தனியாக ஒரு சேகரிப்பு ஊவாவில், பதுளையிலோ பண்டாரவளையிலோ, தொடங்கப்பட வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. லயத்தை விட்டுப் புது வீட்டுக்குப் போகிறவர்கள் பெட்டிகளைக் கழிக்கும்போது போர்வையை விரித்து முன்னும் பின்னும் படம் எடுத்துவையுங்கள். எந்தத் தோட்டம், யார் தைத்தது, எந்தத் துண்டு யாருடைய சேலை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பதிலை ஒரு வெள்ளைத் துணியில் பென்சிலால் எழுதி, அதன்மேல் நூலோட்டி, போர்வையின் அடிப்பக்க மூலையில் தைத்துவிடுங்கள். முதன்முதலில் ஊசி பிடிப்பவருக்கு அதைவிட நல்ல பயிற்சித் துண்டு கிடைக்காது.