வெண்ணெய்நல்லூர் வழக்கும் நியாயவாதியின் பயிற்சியும்

சட்டம் பயில்வார்க்கு முதற்கண் கற்பிக்கப்படுவது, ஒரு வழக்கினை நான்காகப் பகுத்தெழுதும் முறையாம்: ஐயத்திற்கு இடனாய வினா, அதற்குரிய விதி, அவ்விதி நிகழ்ச்சியொடு பொருந்துமாறு, முடிபு. விடயம், ஐயம், பூர்வபக்கம், சித்தாந்தம், இயைபு என ஐந்துறுப்பாக அதிகரணம் பாடங்கேட்டார்க்கு இது புதுவதன்று. ஆயின், வாதிக்கவும் ஆவணம் எழுதவும் பழகுவார்க்குச் சேக்கிழார் பெருமான் வைத்த பாடம் இதனினும் நுட்பமுடைத்து. கதாப்பிரசங்கஞ் செய்வார் பலர், தடுத்தாட்கொண்ட புராணத்து வழக்கினை நகைச்சுவைப் பூசலாக்கி விரைந்து கழிக்கின்றனர். கோவையில் வழக்குரைஞராய் வாழ்ந்த சி. கே. சுப்பிரமணிய முதலியாரவர்களே பெரியபுராணத்திற்குப் பேருரை வகுத்தார்கள் என்பதை அன்னார் நினைத்தல் நன்று.

மணப்பந்தரில் முதிய மறையவர் காட்டிய அடிமையோலையை நம்பியாரூரர் பறித்துக் கிழித்தார். வெண்ணெய்நல்லூர் அவையத்தார், அந்தணர் பிறர்க்கு அடிமையாதல் யாண்டும் இல்லையே என்றே தொடங்கினர். எனினும், ஓலையை வலிதிற் பறித்துக் கிழித்தல் வெற்றியாகுமோ என்று நம்பிகளையும் வினவினர். பின்னர், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் அடிமையை நிறுவுக என முதியவரைப் பணித்தனர். மெய்ப்பிக்குங் கடன் வழக்கிடுவோன் மேலது என்னும் இவ்விதி, 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தும், அதற்கீடாக 2024 சூலை முதல் நடைபெறும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தும் உளது. கிழிந்தது படியோலை, மூலவோலை என்பால் உளது என்ற முதியவரின் முன்னெச்சரிக்கையை எந்த நியாயவாதி மெச்சான்!

நம்பிகள் வாதத்திற் குறை யாதெனின், தாம் ஆதிசைவர் என்பதனை அவை அறியும் என்றும், இவ்வழக்கு மாயை, தம்மால் உணர்தற்கரிது என்றும் கூறினாரேயன்றி, தம் பாட்டனார் ஓலை எழுதிற்றிலர் என மறுத்திலர். மறுக்கப்படாத கூற்று உடன்பட்டதாகக் கொள்ளப்படும் என்பது 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்து விதி. பெருமானைக் குறை கூறலாமோ எனின், யாம் ஆராய்வது வாதத்தினையே என்க.

இனி ஓலையின் வாசகத்தை நோக்குக. எழுதுவோன் பெயர், ஊர், குலம், எழுதிப் பெறுவோர் இன்னார், தானும் தன் மரபினோரும் கடப்பாடு உடையர் என்பது, மனமொத்து எழுதியமை, கையெழுத்து. இத்துணையும் ஒரு செய்யுளில் அடங்கின. மிகையாவதொரு சொல் இல்லை. பக்கம் பக்கமாகப் பத்திரம் வரைவார் இதனை ஒருமுறை படியெடுத்துப் பார்க்கலாம். (1843-ஆம் ஆண்டின் ஐந்தாஞ் சட்டம் அடிமையுரிமையை நீதிமன்றங்கள் நிலைநிறுத்துதலை விலக்கிவிட்டமையின், இவ்வோலை இன்று எம்மன்றத்தும் செல்லாது, அது வேறு.)

அஃதேல், அவையத்தார் திருவருளான் மயங்கித் தீர்ப்பளித்தனர் எனலாகாதோ எனின், ஆகாது. கரணத்தான் ஓலையைப் படிக்கக் கேட்டனர். மேலெழுத்திட்டார் எழுத்து ஒக்கும் எனக் கண்டனர். பாட்டனார் எழுதிக் காப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவித்து ஒப்புநோக்கினர். தாம் முதலிற் கருதியதற்கு மாறாகச் சான்று நின்றமையின், நம்பிகள் தோற்றார் என்றனர். வந்தவர் யாவர் என்பதை அறியாமலே இத்துணையும் செய்தனர்.

முதியவர் இவ்வூரினராயின் அவர் மனை யாது என்னும் வினாவை மட்டும் அவர்கள் தீர்ப்பின் பின்னரே எழுப்பினர். மன்றிற் பழகியவர் அதனை முதற்கண் கேட்பர். அங்ஙனம் கேட்டிருப்பின், அவர் அப்பொழுதே திருவருட்டுறையுட் புகுந்து மறைந்திருப்பர், ஓலை விரிக்கப்பட்டிராது.