தேசபிதாவும் வாக்காளர் இடாப்பும்: டி. எஸ். சேனநாயக்காவின் புகழ் பற்றிய ஒரு மறுமதிப்பீடு

ஆட்சியாளரின் புகழ் அவர்தம் செயல்களால் மட்டும் உருவாவதன்று. அச்செயல்களை எடைபோட்டவர் யாவர், எடைபோடும் உரிமை யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பனவும் அப்புகழை உருவாக்குகின்றன. இலங்கையின் முதலாவது பிரதமரான டி. எஸ். சேனநாயக்கா ‘தேசபிதா’ என்றே பாடநூல்களிற் போற்றப்பட்டு வந்துள்ளார். குருதி சிந்தாது சுதந்திரம் பெற்றமை, வறண்ட வலயத்தை விளைநிலமாக்கியமை, இனங்களை அரவணைத்த மிதவாதம் ஆகிய மூன்றும் அப்புகழின் தூண்களாக எடுத்துக்காட்டப்படுவன. இம்மதிப்பீடு கொழும்பிலிருந்து நோக்கும்போது ஒரு தோற்றமும், கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களிலிருந்து நோக்கும்போது பிறிதொரு தோற்றமும் தருவது ஏன் என்பது ஆராயத்தக்கது.

இத்தகைய ஆராய்ச்சிக்கு அமெரிக்க வரலாறு பொருத்தமான ஓர் ஒப்புமையை அளிக்கின்றது. ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்டதும், 1865 ஆம் ஆண்டிற் குடியரசுத் தலைவரானவர் அன்ட்ரூ ஜோன்சன். வறிய குடும்பத்திற் பிறந்து, தையற்றொழில் செய்து, தம் முயற்சியால் உயர்ந்த அவர், சிறு உழவர்க்கு அரச நிலம் வழங்கவேண்டும் என நீண்டகாலம் வாதாடியவர். எனினும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த தென்கரையோர நிலங்களைப் பழைய பண்ணை முதலாளிகளிடமே மீளக் கையளிக்கச் செய்தவரும் அவரே. அம்மக்களைக் குடிமக்களாக ஏற்ற 1866 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமூலத்தை அவர் நிராகரித்தார். பேராயம் அவரது நிராகரிப்பையும் மீறி அதனைச் சட்டமாக்கிற்று. 1868 இல் அவர்மீது கொண்டுவரப்பட்ட பதவி நீக்கக் குற்றச்சாட்டு ஒரேயொரு வாக்கினால் தோல்வியுற்றது.

ஜோன்சனின் செயல்களைவிட அவரது புகழின் வரலாறே இங்கு நமது கவனத்திற்குரியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வரலாற்றாசிரியர் பலர் அவரை அரசியலமைப்பின் காவலராகவே சித்திரித்தனர். அக்காலத்தில் தென் மாநிலங்களின் கறுப்பின மக்களிற் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்திருந்தனர். பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத்துறைகளிலும் அவர்களின் குரல் பெரிதும் ஒலிக்கவில்லை. 1935 இல் டு பாய்ஸ் அக்காலத்தைப் பற்றி எழுதிய பெருநூல் மாற்றுப் பார்வையை முன்வைத்தபோதும் உடனடியாக ஏற்கப்படவில்லை. 1960களின் குடியுரிமைப் போராட்டத்தின் பின்னரே மதிப்பீடு தலைகீழானது; இன்று ஜோன்சன் தோல்வியுற்ற தலைவர்களின் வரிசையில் வைக்கப்படுகின்றார். ஆவணங்கள் மாறவில்லை, அவற்றை வாசிக்கும் சமூகத்தில் யார் யார் இடம்பெற்றனர் என்பதே மாறிற்று.

ஒப்புமைக்கும் எல்லையுண்டு. சேனநாயக்கா ஜோன்சனைப்போல வெறுப்புமொழி பேசியவரல்லர். பண்பாலும் ஆற்றலாலும் வேறுபட்டவர். ஆயினும், சிறு உழவனின் நண்பன் என்ற புகழும், அந்நட்பு ஒரு மக்கட் பிரிவினரின் வாயிலில் வந்து நின்றுவிட்ட நிலையும் இருவருக்கும் பொதுவானவை.

1931 முதல் 1947 வரை விவசாய, காணி அமைச்சராக இருந்த சேனநாயக்காவின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், மின்னேரியா முதலிய குடியேற்றங்கள், பின்னர் கல்லோயாத் திட்டம் என்பன நிலமற்ற உழவர்க்கு வாழ்வளித்தன. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின்கீழ்ப் பெருந்தோட்டங்களுக்குத் தம் காடுகளையும் சேனை நிலங்களையும் இழந்த கண்டியச் சிங்களக் கிராமத்தவரின் குறை மெய்யான குறையே. சப்ரகமுவையில் அக்குறை கண்ணெதிரே தெரிவது. நுவரெலியாவிற்போலத் தேயிலை தொடர்ந்து பரந்த நாடு அன்று அது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தைப் பகுதிகளில் இறப்பர்த் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் சிங்களக் கிராமங்களோடு எல்லை பகிர்ந்து கிடப்பன. ஆயின், கிராமத்தானின் நிலத்தைப் பறித்தது குடியேற்ற அரசு. அதனாற் பயன்பெற்றவர் தோட்டத் துரைமார். காடழித்துக் கன்று நட்ட கூலியாள் ஒரு முழ நிலத்துக்கும் உரித்தாளன் ஆனதில்லை. குறைக்குப் பரிகாரம் தேடியபோது அதன் விலையை யார்மீது சுமத்துவது என்பதிலேதான் அரசியலறம் சோதிக்கப்பட்டது.

அச்சோதனை 1946 இற் கேகாலை மாவட்டத்தின் புலத்கொஹுபிட்டியப் பகுதியில் நிகழ்ந்தது. தோட்டத் தமிழர் உருளவள்ளி என வழங்கிய நேவ்ஸ்மியர்த் தோட்டத்தை, கிராம விஸ்தரிப்புக்காக அரசு சுவீகரித்தது. அங்கு வாழ்ந்த தொழிலாளர்க்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் லயன்களை விட்டு அகல மறுத்தனர். அத்துமீறி நுழைந்தோர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டனர். இலங்கை இந்திய காங்கிரஸ் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. காணியமைச்சின் பொறுப்பில் இருந்தவர் சேனநாயக்கா. நிலமற்றோர்க்கு நிலம் என்னும் அவரது உயர்ந்த கொள்கை, தன்னிலும் நிலமற்றோரை வெளியேற்றுவதன் மூலம் நிறைவேற முனைந்த இடம் உருளவள்ளி எனலாம்.

வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1950 இல் அம்மன்றம் தொழிலாளியின் மேன்முறையீட்டை ஏற்றது. ஒருவரின் செயலால் மற்றவர்க்குத் தொந்தரவு விளையும் என அறிந்திருத்தல் வேறு, தொந்தரவு விளைப்பதையே நோக்கமாகக் கொள்ளுதல் வேறு எனவும், தம் இருப்பிடத்திற் தொடர்ந்து வாழ்வதே அத்தொழிலாளியின் தலையாய நோக்கம் எனவும் கண்டு குற்றத்தீர்ப்பை நீக்கியது. பிற்காலத்தில் வேறு நாடுகளின் நீதிமன்றங்களிலும் எடுத்தாளப்பட்ட இத்தீர்ப்பு, லயன் அறையை ஒருவன் தன் வீடாகக் கருதலாம் என்பதையேனும் ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையில், கூரைக்கான வழக்கு முடியுமுன்னரே வாக்குரிமை பறிபோயிற்று. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 தொகுதிகளை வென்றது. அவற்றுள் ஒன்றேனும் சப்ரகமுவையில் இல்லை. இங்கு தமிழ்த் தொழிலாளர் தனியொரு பிரதிநிதியைத் தெரிவுசெய்யும் அளவுக்குச் செறிந்து வாழவில்லை. அவர்களின் வாக்கு, பிறரோடு சேரும்போது மட்டுமே வலிமை பெறுவது. என். எம். பெரேரா 1936 இலும் 1947 இலும் வென்ற ருவான்வெல்லைத் தொகுதி இங்கேயே உள்ளது என்பதை நினைவுகூர்ந்தால், தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குச் சாய்வது குறித்து ஆளுங்கட்சி கொண்டிருந்த அச்சம் விளங்கும்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தை வழியிற் பிறப்பை நிறுவும்படி கோரியது. நாட்டிற் பிறந்தவனும் தன் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தமையைக் காட்டவேண்டியிருந்தது. பிறப்பத்தாட்சிப் பத்திரம் அரிதாயிருந்த தோட்டங்களில் இது பலருக்கு இயலாத காரியம். 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பத்தின் மூலம் குடியுரிமை பெற ஒரு வழியைத் திறந்தது. அதே ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் குடிமக்களல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் தொகை 7 இலட்சத்து 80 ஆயிரம் ஆகும். 1952 தேர்தலில் அவர்களிற் பெரும்பாலோர் இடாப்பில் இல்லை. இலங்கை இந்திய காங்கிரஸ் ஓர் ஆசனமும் பெறவில்லை.

மீண்டும் கேகாலை மாவட்டமே வழக்கின் களமாயிற்று. ருவான்வெல்லைத் தொகுதி இடாப்பிற் தம் பெயர் சேர்க்கப்படவேண்டும் எனக் கோரிய ஒருவரின் வழக்கில், ஓர் இனத்தவர்க்கு மட்டும் இயலாமை விளைக்கும் சட்டத்தை இயற்றுவதைத் தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு முன்வைக்கப்பட்டது. 1953 இற் பிரிவிக் கவுன்சில் அக்கோரிக்கையைத் தள்ளிற்று. தன் குடிமக்கள் யாவர் என வரையறுத்தல் ஒரு சட்டமன்றத்தின் இயல்பான பணி என்றும், இம்மக்களின் இடம்பெயரும் வழக்கம் கருத்திற் கொள்ளத்தக்கதே என்றும், 1949 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்க்கு வழியொன்றை வைத்துள்ளது என்றும் அம்மன்றம் கருதியது.

சேனநாயக்காவைக் காப்போர் பெரிதும் சார்ந்து நிற்பது இத்தீர்ப்பையே. ஆயின் இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஒரு முரண் புலனாகும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், வெளியேறு என்ற கட்டளைக்கும் சிறைக்கும் அஞ்சாது தன் இருப்பிடத்தைப் பற்றிநின்ற ஒருவனை அதே மன்றம் கண்டிருந்தது. அதே மாவட்டத்தின் அதே மக்கள் இப்போது இடம்பெயரும் இயல்பினராகக் கொள்ளப்பட்டனர். மேலும், திறந்திருப்பதாகக் கருதப்பட்ட வழியின் அகலத்தைப் பின்னர் நிகழ்ந்தவையே காட்டின. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே குடியுரிமை பெற்றனர். 1964 இற் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது நாடற்றோர் தொகை 9 இலட்சத்து 75 ஆயிரம் எனக் கணிக்கப்பட்டது. சட்டம் செல்லுபடியாகும் என்ற தீர்ப்பு, அது நேர்மையானது என்ற தீர்ப்பாகாது.

தமிழ்த் தலைமையும் இதிற் பங்காளியே என வாதிப்போருமுளர். 1948 இல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் சேனநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்தார். அதனோடு முரண்பட்ட எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்துசென்று 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இவ்வாதம் பொன்னம்பலத்தின் பொறுப்பைக் கூட்டுமேயன்றிப் பிரதமரின் பொறுப்பைக் குறைக்காது. பின்வந்தோர் இனவாதத்தில் அவரினும் முன்சென்றனர் என்ற வாதமும் அத்தன்மையதே. அவரது மிதவாதம் போலியன்று. ஆனால் அம்மிதவாதமே இச்செயலுக்கு மரியாதைத் தோற்றத்தை அளித்தது. ஆரவாரமின்றி, கலகமின்றி, பாராளுமன்ற நடைமுறை வழுவாது ஒரு சமூகத்தை இடாப்பிலிருந்து நீக்கிவிடலாம் என்ற முன்மாதிரியைப் பின்வந்தோர் அவரிடமே கற்றனர்.

விளைவைச் சப்ரகமுவைத் தோட்டங்கள் கடுமையாக அனுபவித்தன. 1970களின் உணவுப் பஞ்சத்திலும், 1975 இல் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்களிலும் இம்மக்களின் துயரைத் தம் வாக்குக்காகவேனும் கேட்கவேண்டிய கட்டாயம் இப்பகுதி அரசியல்வாதிகளுக்குப் பெரிதும் இருக்கவில்லை. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபின் வவுனியாவை நோக்கிச் சென்ற குடும்பங்கள், மன்றம் கூறிய ‘இடம்பெயரும் வழக்கம்’ எவ்வாறு உண்டாக்கப்படுகின்றது என்பதற்குச் சான்று. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

சேனநாயக்காவைத் தேசபிதா என்ற இடத்திலிருந்து இறக்கிக் கொடியோர் வரிசையில் நிறுத்துவது எளிது, அது திறனாய்வாகாது. அவர் கட்டிய அணைகள் நீர் தருகின்றன. அவர் அளித்த காணிகளில் உழவர் வாழ்கின்றனர். ஆயினும், அப்புகழ் வார்க்கப்பட்ட காலத்தில் வாக்காளர் இடாப்பில் இல்லாதவர்கள் அதனை எடைபோடும் அவையிலும் இருக்கவில்லை. கேகாலை மாவட்டத்திலிருந்து இலண்டனுக்குச் சென்ற இரு வழக்குகளும், ஒன்று கூரைக்காகவும் மற்றொன்று வாக்குக்காகவும், அம்மக்கள் விட்டுச்சென்ற சாட்சியங்கள். அவற்றையும் சேர்த்து வாசிக்கும் தலைமுறை, அணைகளுக்கு உரிய மதிப்பை அளித்து, இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட பெயர்களையும் அதே கணக்கில் எழுதும்.